கேட்டு வாங்கும் இனாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்காகச் சென்ற ஞாயிறு இரவு, கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள ஓர் உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். சாப்பாடு 2,840 ரூபாய். அதற்குக் கீழே சேவைக் கட்டணம் 10 சதவீதம், 284 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி 156.20. பணம் கட்டிவிட்டு எழுந்தால் சப்ளையர் தம்பி மேசையருகிலேயே நிற்கிறார். “டிப்ஸ் வைக்கவில்லையா அப்பா?” என்று மகள் காதோடு கேட்டாள். நூறு ரூபாய் வைத்தேன். மறுநாள் செயலியில் மதியச் சாப்பாடு சொன்னால், கடைக்காரர் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அங்கேயும் டிப்ஸ் கேட்கிறது. இனி எங்கேயும் ஒரு ரூபாய்கூட வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் கஞ்சனாகிவிட்டேனா, இல்லை இந்தப் பழக்கம்தான் எல்லை மீறிவிட்டதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கஞ்சன் இல்லை. எல்லை மீறித்தான் இருக்கிறது. ஆனால் மீறியவர் ஒருவர், நீங்கள் தண்டிக்கப்போவது இன்னொருவரை. அது மனதை உறுத்தியதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 284 ரூபாய். அது வரி இல்லை. சேவை வரி என்று ஒன்று முன்பு இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் போய்விட்டது. இன்று பில்லில் இருக்கும் சேவைக் கட்டணம் கடையின் கல்லாவுக்குப் போகிறது. ஜிஎஸ்டிக்கு ஒட்டினாற்போல் அச்சாகியிருப்பதால் அரசாங்கம் கேட்கிறது என்று நினைத்துப் பலரும் வாய் திறக்காமல் கட்டிவிட்டு வருகிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே சொல்லிவிட்டது: உணவகம் இதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, வாடிக்கையாளர் விரும்பினால் மட்டுமே தரலாம். உணவக உரிமையாளர்களின் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2025 மார்ச் 28 அன்று தனி நீதிபதி அந்த வழிகாட்டுதல்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன. சேவைக் கட்டணத்தைக் கூட்டி அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது என்பதும் அந்த வழிகாட்டுதலில் உண்டு. உங்கள் பில்லில் அப்படிச் சேர்ந்தது 14 ரூபாய் 20 காசு. ஆகவே அடுத்த முறை கல்லாவில் நின்று, இதை எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஒரு ரூபாய்கூட வைப்பதில்லை என்ற முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

அவர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபத்தைந்து வருடம் சப்ளையராக இருந்தார். இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைப் பாயில் கொட்டுவார். காசில் சாம்பார் வாசனை அடிக்கும். பெரியம்மா ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நாலணா தனி, எட்டணா தனி என்று அடுக்குவார். அன்று கிடைத்தது முழுவதும் அந்தப் பாய்க்கு வந்ததில்லை. எச்சில் இலை எடுக்கும் அம்மாவுக்கும் மாவாட்டுகிறவருக்கும் கடையிலேயே பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். “சாப்பிடுகிறவர் கண்ணுக்கு நான் மட்டும்தான் படுகிறேன், அவர்கள் படுவதில்லையே” என்பார்.

ஈர மேசையில், சிந்திய ரசத்துக்கு நடுவே விட்டெறிந்துவிட்டுப் போகும் காசை அவர் தொடமாட்டார். மேசை துடைக்கும் பையன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். சனிக்கிழமைதோறும் வந்த ஒரு பெரியவர் மட்டும், கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து, அவருடைய உள்ளங்கையில் எட்டணாவை வைத்து மூடிவிட்டுப் போவாராம். பெரியப்பா கடைசிக் காலம் வரைக்கும் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசினார். ஆனால் எந்த மேசை அருகிலும் காசுக்காக அவர் காத்து நின்றதில்லை.

உங்கள் மேசையருகே அந்தத் தம்பி ஏன் நின்றார்? ஆள் சேர்க்கும்போதே, சம்பளம் இவ்வளவு, டிப்ஸ் தனி என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். அந்த ‘டிப்ஸ் தனி’ என்ற இரண்டு சொல்லில் சம்பளத்தின் ஒரு பகுதியை முதலாளி உங்கள் தலையில் கட்டிவிடுகிறார். அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய கூலி, மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் அதே தொகைதான். பல மாநிலங்கள் கூடுதலாகத் தரச் சொல்கின்றன. டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். அங்கே டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் ஒருவருடைய கூலியிலேயே கைவைத்ததாக ஆகிவிடும். நம் நாட்டுக்கு அந்த நிலை வர வேண்டிய அவசியம் இல்லை. டிப்ஸைக் கழித்துக்கொண்டு சம்பளம் தரலாம் என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் எங்கும் சொன்னதில்லை. நீங்கள் சாப்பிடப் போனது பிரெஞ்சுக்காரர் பெயரைச் சொல்லியே வியாபாரம் நடக்கும் தெரு. அந்தப் பிரான்சில் உணவுப் பட்டியலில் போட்டிருக்கும் விலையிலேயே சேவையும் அடக்கம். அதற்குமேல் மேசையில் வைக்கும் சில்லறை வைப்பவர் விருப்பம். நம் கடைகளும் அப்படிச் செய்யட்டும். தோசை 120 ரூபாய் என்றால், பரிமாறுகிறவரின் சம்பளமும் சேர்த்துத்தான் 120 என்று இருக்கட்டும். 130 ஆக வேண்டுமென்றால் 130 என்றே போடட்டும்; சாப்பிடுவதா வேண்டாமா என்று பட்டியலைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறோம்.

செயலி கேட்பதை நான் டிப்ஸ் என்றே சொல்லமாட்டேன். வேலை நடக்கும் முன்பே கேட்டால், சீக்கிரம் வருவதற்கான கூடுதல் விலை அது. வாடகை வண்டிச் செயலி ஒன்று இப்படி முன்கூட்டியே கேட்டதற்கு, 2025 மே மாதம் இதே ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அந்தக் கட்டத்தைத் தொடாமல் தள்ளிவிடுங்கள். மழையில் நனைந்துகொண்டு மாடியேறி வருகிற பையனுக்குக் கையில் கொடுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் இப்போது யாரிடமும் சில்லறை இல்லை. கியூஆர் அட்டைக்கு நேரே செல்பேசியைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே உள்ள சப்ளையரிடம் போன வாரம் கேட்டேன். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு டீச்செலவும் பஸ் செலவும் டிப்ஸில் வந்துவிடும், இப்போது அது இல்லை என்றார். பில்லுக்கு மேல் இருபது ரூபாய் சேர்த்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது முதலாளியின் கணக்கில் விழுகிறது, சில நாள் அவர் ஞாபகமாக எடுத்துக் கொடுக்கிறார், சில நாள் மறந்துவிடுகிறார். அன்றிலிருந்து நான் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். தினமும் கொடுப்பதில்லை. கூட்ட நேரத்திலும் என் அம்மாவுக்கு ரசத்தை ஆற்றிக் கொண்டுவந்து வைத்த அன்று கொடுத்தேன்.

நீங்கள் கொடுத்த 284 ரூபாயில் அந்தத் தம்பிக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் வைத்த நூறு ரூபாய் அவர் கண்ணெதிரே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் கல்லா. அந்த நூறைப் பற்றி வருத்தப்படாதீர்கள்.

அந்த உணவகத்துக்கு மறுபடியும் போவீர்கள் என்றால், பில்லை மகளிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொன்னபோது கல்லாவில் என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதையும் இங்கே வெளியிடுகிறேன். மகளுக்கு என் வாழ்த்துகள்.