யூரோ ஹாக்கி டூரில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒவெச்கின், பாஸ்தர்னாக் மாதிரி பெரிய ஆட்கள் இல்லாமலே, ஐரோப்பிய தேசிய அணிகளின் ஐஸ் ஹாக்கித் தொடரான யூரோ ஹாக்கி டூரை வருடாவருடம் எதற்காக நடத்துகிறார்கள், அதையெல்லாம் யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பார்ப்பார்கள். நானும் பார்க்கிறேன். ஆனால் எந்த வருடம் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று வாயில் வராது, ஏனென்றால் இந்தத் தொடரில் நான் கவனிப்பது புள்ளிப் பட்டியலை இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் பயிற்சியாளர் யாரைக் கூப்பிடுகிறார், யாரை விடுகிறார் என்பதைத்தான்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1996-97 சீசனில் தொடங்கியது. தொடக்கத்தில் பின்லாந்து, ஸ்வீடன், செக், ரஷ்யா என்று நாலு அணிகள். சீசன் முழுக்கப் பரவலாக நாலு சுற்றுகள், ஒவ்வொரு நாடும் ஒன்றை நடத்தும். ஒரு சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம், ஆக சீசனுக்குப் பன்னிரண்டு. வழக்கமான நேரத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி, ஓவர்டைமிலோ ஷூட் அவுட்டிலோ ஜெயித்தால் 2, அப்படித் தோற்றவருக்கு 1. நவம்பரில் நடக்கும் பின்லாந்து சுற்றுக்கு கர்யாலா என்று பெயர், அது ஒரு பீர் பிராண்டு. தேசிய அணி ஆடும் போட்டிக்கு பீர் பெயரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பெரிய ஆட்கள் ஏன் வருவதில்லை என்பதற்குக் காரணம் எளிது. தேசிய அணிகள் ஆட வேண்டும் என்று ஐரோப்பிய லீக்குகள் சீசன் நடுவில் சில நாட்கள் நின்றுவிடும், வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல். நிற்காது. அதனால் வட அமெரிக்காவில் ஆடுகிறவர்களை மறந்துவிட்டு, உள்ளூர் லீக்கிலும் பக்கத்து நாட்டு லீக்கிலும் ஆடுகிறவர்களை வைத்துத்தான் அணி கட்ட வேண்டும். அதிலும் ஒரே அணி நாலு சுற்றும் ஆடாது. நவம்பரில் வந்த ஒரு டிஃபென்ஸ்மேனை டிசம்பரில் காணோம், அவன் இடத்தில் இருபது வயசுப் பையன் ஒருவன் நிற்பான், பிப்ரவரியில் இரண்டு பேரும் இல்லாமல் மூன்றாவது ஒருவன். கோப்பைக்காகப் பார்க்கிறவனுக்கு இது எரிச்சல்தான். ஆனால் மே மாதம் உலக சாம்பியன்ஷிப் வருகிறது, அதற்குள் பயிற்சியாளர் மனதில் என்ன அணி இருக்கிறது என்று ஊகிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் 2019 பின்லாந்து. யுக்கா யாலோனன் பயிற்சியாளர். அந்த வருடம் ஸ்லோவாக்கியாவில் உலக சாம்பியன்ஷிப். அவர் கூட்டிக்கொண்டு போன அணியில் என்.எச்.எல். அனுபவம் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் பெரும்பாலும் இந்த டூர் சுற்றுகளில் வந்து போகிற ரகம்தான். கேப்டன் மார்க்கோ அந்திலா, இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம். என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2004-இல், சிகாகோ அவரை 260-வது ஆளாக எடுத்தது, அதோடு சரி, என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இந்தக் கூட்டம் காலிறுதியில் ஸ்வீடனைச் சந்தித்தது. அந்தப் பக்கம் லண்ட்க்விஸ்ட், லாண்டெஸ்கோக், பெட்டர்சன், நைலாண்டர் என்று என்.எச்.எல். பெயர்களாகவே நின்றன. கடைசி நிமிடங்களில் அந்திலா சமன் செய்தார், ஓவர்டைமில் சகாரி மன்னினன் முடித்தார், 5-4. அரையிறுதியில் ரஷ்யா, ஒவெச்கின், மல்கின், குச்செரோவ் எல்லோரும் இருந்தார்கள், 1-0, கோல் அந்திலாவுடையது. இறுதியில் கனடாவை 3-1 என்று முடித்தார்கள், அதில் இரண்டு கோல் மறுபடி அந்திலா. மறுநாள் அவருக்கு 34 வயது. கோலில் நின்ற கெவின் லங்கினன் அன்றைக்குத் தடுத்தது 43 ஷாட், அவர் அப்போது என்.எச்.எல்.லில் ஆடத் தொடங்கியிருக்கவே இல்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. காப்போ காக்கோ என்ற 18 வயசுப் பையன் அந்தத் தொடரில் பொளந்து கட்டினான் என்பதும் உண்மை. ஆனால் ஐந்து பேரும் நெருக்கமாக நின்று, பக் (ஆடும் வட்டு) தங்களிடம் இல்லாதபோது நடுப்பகுதியை அடைத்து, எதிராளியை ஓரத்துக்கே தள்ளிக்கொண்டிருக்கும் அந்த ஆட்டத்தை ஒரு வாரப் பயிற்சியில் கற்றுக்கொடுக்க முடியாது. யாலோனன் அதை, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத நவம்பர், டிசம்பர் ஆட்டங்களில் ஊட்டிக்கொண்டிருந்தார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு என்.எச்.எல். தன் ஆட்களை அனுப்பாதபோது பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பின்லாந்துக்கு ஐஸ் ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கம், இறுதியில் ரஷ்யர்களை 2-1. அதே வருடம் மே மாதம் தாம்பரேயில், சொந்த ஊரில், உலக சாம்பியன்ஷிப்பும்.

ரஷ்யா விஷயத்துக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் இந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த சுற்றுதான் நாலில் பழையது, சோவியத் காலத்தில் இஸ்வெஸ்தியா பத்திரிகை பெயரில் நடந்தது, பிறகு பல ஸ்பான்சர் பெயர்களுக்கு மாறி, கடைசியில் ஒரு டிவி சேனலின் பெயரில் சேனல் ஒன் கப் ஆனது. 2021 டிசம்பரில் பின்லாந்துக்கு எதிராக ரஷ்ய அணி பழைய சோவியத் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இறங்கி 2-3 என்று தோற்றது. இரண்டு மாதத்தில் உக்ரைன் மீது படையெடுப்பு, உடனே சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு ரஷ்யாவையும் பெலாரஸையும் வெளியேற்றியது. அந்த சீசனை ஒப்பேற்றி முடித்துவிட்டு, 2022-23 முதல் நாலாவது இடத்தை ஸ்விட்சர்லாந்துக்குக் கொடுத்தார்கள். டிசம்பர் சுற்றும் அங்கே போனது, முதல் முறை ஃப்ரிபோர்க் நகரில்.

ரஷ்யா போனதும் தரம் குறைந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் அலுத்துக்கொள்வார்கள். தனி ஆட்களின் திறமையைப் பார்த்தால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்விஸ்காரர்களைக் குறைத்து எடைபோடுவதை நான் ஏற்கமாட்டேன். 2013, 2018, 2024, 2025 என்று நாலு உலக சாம்பியன்ஷிப் இறுதி வரை போய் வெள்ளியோடு திரும்பியவர்கள் அவர்கள். 2025-இல் அமெரிக்காவிடம் ஓவர்டைமில் 0-1. பாவம், தங்கம் மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது.

சரி, புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்கு எந்தச் சுற்று என்றால், நவம்பரை விட்டுவிடலாம். நேராக மே மாதம் உலக சாம்பியன்ஷிப்புக்குச் சற்று முன்னால் நடப்பதைப் பாருங்கள். அதற்குள் லீக் பிளே ஆஃப்கள் முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியிருப்பார்கள், என்.எச்.எல்.லில் வெளியேறிய சிலரும் விமானம் ஏறி வந்துவிடுவார்கள். குளிர்காலம் முழுக்க ஆடிய ஒருவனை அவர்கள் வந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது யார் என்று தெரிந்து திட்ட வேண்டுமானால் பிப்ரவரி சுற்றையும் ஒரு கண் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.