பரணில் கிடைத்த ஆர்ச்டாப் கிட்டாரை என்ன செய்வது?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ரயில்வேயில் பணியாற்றிய அவருடைய தாத்தா நடன விருந்துகளில் வாசித்த ஆர்ச்டாப் கிட்டார் (மேற்பலகை வளைவாக அமைந்த வகை), பெட்டியோடு பரணில் கிடைத்திருக்கிறது. உடலில் விரிசல் இல்லை, கம்பிகள் துருப்பிடித்துள்ளன, பெட்டியைத் திறந்தால் காரமான நெடி வருகிறது. கம்பி மாற்றி வாசிக்கலாமா, வார்னிஷ் புதிதாக அடித்துத் தருவதாக ஒருவர் சொல்வதை ஏற்கலாமா, சென்னைக் காற்றில் இதை எப்படிப் பாதுகாப்பது என்று கேட்கிறார்.

இந்த வாத்தியம் வயலினுக்குப் பங்காளி முறை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஒலிபெருக்கி பரவாத காலத்தில், ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டாரின் ஓசையும் எடுபட வேண்டும் என்பதற்காக மேற்பலகையை வளைவாகக் குடைந்து செய்தார்கள். கிப்சன் நிறுவனம் லாயிட் லோரின் மேற்பார்வையில் 1922இல் வெளியிட்ட எல்-5 மாடலில் வட்டத் துளைக்குப் பதிலாக வயலினைப் போல f எழுத்து வடிவில் இரண்டு எஃப் துளைகள் வந்தன. பின்னர் வந்தவை பெரும்பாலும் அந்த வழியைப் பின்பற்றியவையே.

வயலினில் போலவே இதிலும் குதிரை, அதாவது மேற்பலகையின் மேல் நின்று கம்பிகளைத் தாங்கும் துண்டு, ஒட்டப்பட்டிருக்காது. கம்பிகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே எல்லாக் கம்பிகளையும் ஒரே மூச்சில் கழற்றிவிடாதீர்கள். வார்னிஷ் மீது பசை நாடாவும் ஒட்ட வேண்டாம். குதிரை நிற்கும் இடத்தை அளந்து குறித்து, கைபேசியில் படமெடுத்த பிறகு ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டும் ஒலியும் ஒன்றாக இருந்தால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்திய ஒலி சுருதி கூடியிருந்தால் குதிரையை வால்பக்கம் மயிரிழை தள்ள வேண்டும்.

ஆனால் கம்பிக்கு முன்னால் வேறொரு சோதனை இருக்கிறது. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் கொண்டு எஃப் துளை வழியே உள்ளே பாருங்கள். மேற்பலகையின் அடியில் ஓடும் தாங்குசட்டங்கள் எங்காவது விட்டிருக்கின்றனவா, பழுதுபார்த்த தடம் உண்டா, லேபிள் தெரிகிறதா என்று கவனியுங்கள். விளிம்பைச் சுற்றிலும் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால், ஒட்டு விட்ட இடத்தில் ஓசை சலசலக்கும். துளையின் வெட்டுமுகத்தில் மர ரேகை அறுபடாமல் இறங்கினால் முழு மரம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையாக இருந்தால் மதிப்பு குறையலாம், தாத்தாவின் கிட்டார் என்பது குறையாது.

அந்த நெடிக்கு வருகிறேன். அக்காலத்து பிக்கார்டுகள், அதாவது மீட்டும்போது மேற்பலகையில் கீறல் விழாமல் காக்கும் தகடுகள், பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கால் ஆனவை. கற்பூரம் சேர்த்துச் செய்யப்படும் செல்லுலாய்டு நாளடைவில் சிதைந்து அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது பக்கத்திலிருக்கும் உலோகப் பாகங்களை அரிக்கும். வால்பகுதித் தகட்டிலோ சுருதி முறுக்கிகளிலோ பச்சை பூத்திருந்தால் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். பிக்கார்டைத் திருகு கழற்றி எடுத்து, காகிதத்தில் சுற்றித் தனியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அடுப்படியும் பூஜையறையும் ஆகாது. தூக்கி எறியாதீர்கள்; அசல் பாகம் என்ற அளவில் அதற்கும் மதிப்புண்டு.

12 முதல் 53 வரையிலான கம்பித் தொகுதி (இந்த எண்கள் கம்பியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் குறிப்பவை) முழுச் சுருதியில் சுமார் 70 கிலோ இழுவிசை தரும். பல ஆண்டுகள் ஓய்ந்திருந்த கழுத்தின் மேல் அதை ஒரே நாளில் ஏற்றுவது முறையல்ல. 11இல் தொடங்கும் மெல்லிய தொகுதியைப் போட்டு, முழுச் சுருதிக்கு ஒரு ஸ்வரம் கீழே நிறுத்தி, மூன்று நான்கு நாள் பலகை அமுங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

வார்னிஷ் யோசனையை மறுத்துவிடுங்கள். வெடிப்புக் கோடுகளும் மங்கலும் உட்பட அசல் மேற்பூச்சே பழைய வாத்தியத்தின் விலையைத் தாங்குகிறது, சுரண்டிவிட்டால் திரும்பாது. வேட்டித் துணியால் துடைத்தால் போதும், தேங்காயெண்ணெயும் ஃபர்னிச்சர் பாலிஷும் வேண்டாம். ஒட்டு விட்டிருந்தால் ஃபெவிகால் தொடாமல், வச்சிரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை) காய்ச்சத் தெரிந்த வயலின் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கச்சேரி வயலின்கள் புழங்கும் இந்த ஊரில் அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல. ஃப்ரெட் வேலைக்கு மட்டும் கிட்டார் டெக்னீஷியன்.

ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருப்பது நல்லது. கடலோரமான நமக்கு இயல்பாக அது வாய்க்காது. பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சிறு ஹைக்ரோமீட்டரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். இரவு முழுக்க ஏசி, பகலில் புழுக்கம் என்று மாறும் அறையைவிட, வெளிச்சுவரை ஒட்டாத, எப்போதும் ஒரே நிலையிலுள்ள அறை மேல். வச்சிரம் வெப்பத்தில் இளகும் என்பதால் அக்னி நட்சத்திரத்தில் காருக்குள் அரை மணி நேரம்கூட விட்டுவைக்கக் கூடாது. பரணுக்கு மறுபடியும் ஏற்றவே கூடாது.