வீட்டில் ஒழுங்காக ஓடும் நாய், அஜிலிட்டி போட்டியில் (நம் வழிகாட்டலில் நாய் தடைகளை வரிசையாகக் கடந்து ஓடும் போட்டி) மட்டும் ஏன் சொதப்புகிறது?

பெரும்பாலும் தவறு நாயிடம் இல்லை, நம்மிடம்தான். நாம் கத்துவதைவிட, நம் தோளும் பாதமும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதைப் பார்த்துத்தான் அது ஓடுகிறது. பதற்றத்தில் அரை நொடி தாமதமாகத் திரும்பினாலும், நேரே தெரியும் தடைக்குப் பாய்ந்துவிடும். ஓட்டத்துக்கு முன் நாயில்லாமல் தடத்தை நடந்து பார்க்க விடுவார்கள். அப்போது தடைகளின் எண் வரிசையோடு, எங்கே திரும்புவது என்பதையும் காலில் பழக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், நாய் இடையில் வளைந்து வளைந்து புகுந்து போக வேண்டிய கம்பங்கள். முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படி நுழைய வேண்டும். எப்போதும் ஒரே கோணத்திலிருந்து பழக்கினால் களத்தில் தடுமாறும். சர்வதேச விதிப்படி 12 கம்பங்கள், 60 செ.மீ. இடைவெளி. வீட்டில் பழக்க என்னிடம் 6தான் இருந்தன. முதல் போட்டியில் என் நாய் ஆறாவதோடு வெளியே வந்து, தின்பண்டம் எங்கே என்று நின்றது! அதையும் களத்துக்குள் கொண்டுபோக முடியாது.