பூக்காத உருளைச் செடி: எப்போது தோண்டலாம்?

கேள்வி: முளைவிட்ட கடை உருளைக்கிழங்கை மொட்டை மாடியில் நான்கு பைகளில் கார்த்திகைக் கடைசியில் நட்டேன். இப்போது மாசி பாதி. 75 நாள் ஆகிறது. கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. ஆனால் ஒரு பூகூட வரவில்லை. பூத்து உதிர்ந்த பிறகுதான் தோண்ட வேண்டும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பூவுக்காகக் காத்திருந்தால் சித்திரை வந்துவிடும், பூ வராது. உருளை பூக்க நீண்ட பகலும் குளிர்ச்சியும் வேண்டும். குளிர்நாட்டுக் கோடையில் 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கிற தோட்டத்துக்குப் பூக்கணக்கு சரி. மார்கழியில் நமக்குப் பகல் 12 மணி நேரம்கூடத் தேறாது. வடநாட்டுச் சமவெளியிலேயே குளிர்காலப் பயிர் சரியாகப் பூப்பதில்லை. அதனால்தான் புது ரகம் உண்டாக்க ஒட்டுச் சேர்க்கும் வேலையை ஷிம்லா பக்கத்துக் குப்ரி மலையில் வைத்துக்கொண்டார்கள். குப்ரி ஜோதி, குப்ரி சூர்யா என்று ரகங்களின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஊர்தான். பூ வராவிட்டாலும் மண்ணுக்குள் கிழங்கு இறங்கும்.

இலையைப் பாருங்கள். செடி முற்றும்போது மஞ்சள் கீழிருந்து மேலே ஏறும், தண்டு தளர்ந்து சாயும். தை பிறக்கும்போது நம் சிறுகிழங்குக் கொடி பழுத்து வதங்குமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எல்லா மஞ்சளும் முற்றல் இல்லை. இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் அது இலைக்கருகல். பையின் அடித்துளை அடைத்துத் தண்ணீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். பச்சையாக நின்ற செடி ஓரிரு நாளில் துவண்டு விழுந்தால் வாடல் நோயாக இருக்கலாம். தண்டை நறுக்கி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். வெள்ளை நூல்போல் ஏதாவது இறங்கினால் பாக்டீரியாதான். அந்த மண்ணில் பிறகு தக்காளி, கத்தரி, மிளகாய் எதையும் வைக்காதீர்கள். எல்லாம் உருளைக்குச் சொந்தக்காரச் செடிகள்.

நாள் கணக்கு? பெரும்பாலான ரகங்கள் 80 முதல் 110 நாளில் முற்றும். கடையில் வாங்கியது என்ன ரகமென்று தெரியாததால் அதை ரொம்ப நம்ப வேண்டாம். பையின் ஓரமாகக் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரிந்து வந்தால் இளசு. அன்றைக்கே பொரியல் செய்தால் ருசியாக இருக்கும், ஆனால் எடுத்து வைக்க ஆகாது. தோல் அசையாமல் நின்றால் முற்றிவிட்டது.

உங்கள் செடியில் பாதிக்கு மேல் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்டை மண்மட்டத்தில் அறுத்துவிட்டு, பைகளை நிழலுக்கு நகர்த்துங்கள். தோல் கெட்டியாக வயலில் இரண்டு வாரம் வரை விடுவார்கள். நம் மொட்டை மாடியில் நான் ஒரு வாரத்துக்கு மேல் விடமாட்டேன். மாசிக் கடைசி வெயிலில் பை கொதிக்கும்; கிழங்கு உள்ளேயே அழுகும், இல்லையென்றால் முளைவிடும்.

‘இன்னும் கொஞ்சம் பெருக்கட்டுமே’ என்று ஆசை வரும். பெருக்காது. கிழங்கு நன்றாகத் திரள இரவில் 15 முதல் 20 டிகிரி வேண்டும். பாளையங்கோட்டையில் மார்கழியிலேயே அப்படி ஓர் இரவு அபூர்வம். 30 டிகிரியைத் தாண்டினால் கிழங்கு வைப்பதே ஏறக்குறைய நின்றுபோகும். எலுமிச்சை அளவு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். (மாடிக்குத் தோதானது சிறுகிழங்குதான் என்பது என் கட்சி. ஆடி, ஆவணியில் கொடியை நறுக்கி ஊன்றினால் பொங்கலுக்குக் கிழங்கு வந்துவிடும்.)

வெயில் தாழ்ந்த பிறகு பையைச் சாய்த்துக் கொட்டிக் கையாலேயே பொறுக்குங்கள். கொத்து பட்டால் காயமாகும், காயம்பட்டது முதலில் அழுகும். கழுவ வேண்டாம். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டு அடித்துத் தோல் நீக்குகிற பழக்கத்தில் இதையும் அடித்துவிடாதீர்கள்! காற்றோட்டமான இருட்டில் சாக்கின் மேல் 10 நாள் பரப்பி வைத்தால் தோல் இறுகும். தார்சாவில் பரப்புவதென்றால் மேலே இன்னொரு சாக்கைப் போட்டு மூடுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சை பாரிக்கும். அப்போது சொலனின் என்கிற நஞ்சும் கூடவே ஏறும். வேகவைத்தாலும் அது போகாது. நன்றாகப் பச்சையானதையும் கசப்பதையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், நாலைந்தை விதைக்கு எடுத்து வைக்கலாம் என்று தோன்றும். கார்த்திகை வரை நம் வெக்கையில் அவை தாங்காது, சுருங்கி முளைத்துவிடும். எல்லாவற்றையும் சமைத்துவிட்டு, அடுத்த முறை புதிதாக வாங்கி நடுங்கள்.