ஒரே 'ஷன்', மூன்று ஸ்பெல்லிங்

வணக்கம்.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. நன்றாக வாசிக்கிறாள், டிக்டேஷன் என்றால் மட்டும் பாதிக்குப் பாதி தப்பு. ஆக்‌ஷன், டிஸ்கஷன், மியூசிஷியன் மூன்றும் 'ஷன்' என்றுதானே முடிகின்றன, ஏன் மூன்று விதமாக எழுதவேண்டும் என்கிறாள். சொல்லைப் பிரித்துப் பொருளோடு கற்பிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். எப்படித் தொடங்குவது? ஒலியை வைத்து எழுத்துக்கூட்டும் ஃபோனிக்ஸை விட்டுவிடலாமா?

ர.

அன்புள்ள ர.,

ஃபோனிக்ஸை விடவேண்டாம். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று தெரியாத பிள்ளைக்கு இந்தப் பிரித்துக் கற்கும் முறை ஏறாது.

மகளின் கேள்விக்கு வருவோம். ஆக்‌ஷன் என்பது ஆக்ட் + ஐ ஓ என். டிஸ்கஷன் என்பது டிஸ்கஸ் + அதே ஐ ஓ என். அது வினையைப் பெயராக்கும் விகுதி. அதற்கு முன்னால் நிற்கும் டியும் இரட்டை எஸ்ஸும் பகுதிக்கு, அதாவது மூலச்சொல்லுக்குச் சொந்தம். மியூசிஷியனில் பகுதி மியூசிக், விகுதி ஐ ஏ என். அந்தத் துறையில் இருப்பவரைக் குறிப்பது. சி இடம் மாறவில்லை, ஒலிதான் மாறியது. டி ஐ ஓ என் என்றால் 'ஷன்' என்று உருப்போட்ட பிள்ளைதான் மியூசிஷியனையும் அப்படி எழுதிவைக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். நோட்டின் நடுவில் சைன் என்பதை எழுதுங்கள்: எஸ் ஐ ஜி என். இடப்பக்கம் ஆர் இ, வலப்பக்கம் ஏ எல், இ டி, ஐ என் ஜி. சேர்த்துப் பார்த்தால் ரிசைன், சிக்னல், சைனிங் எல்லாம் வரும். சைனில் வாயடைத்துக் கிடக்கும் ஜி, சிக்னலில் பேசுகிறது. ஸ்பெல்லிங் சொல்லும்போது 'எஸ் ஐ ஜி என்', சற்று நிறுத்தி, 'ஏ எல்' என்று சொல்லச் சொல்லுங்கள். மூச்சுவிடாமல் ஒப்பித்தால் பகுதியும் விகுதியும் கலந்துவிடும்.

தப்பு அதிகம் வருவது சேரும் இடத்தில். அது நம் புணர்ச்சி விதியேதான். ஹோப்புடன் ஐ என் ஜி சேர்ந்தால் கடைசி இ விழும்: கெடுதல். ஒற்றைக்காலில் குதிக்கும் ஹாப்புடன் சேர்ந்தால் பி இரட்டிக்கும்: தோன்றல். க்ரையுடன் இ டி சேர்ந்தால் ஒய் ஐயாகும்: திரிதல். ஐ என் ஜி வந்தால் மட்டும் ஒய் அப்படியே நிற்கும், இரண்டு ஐ அடுத்தடுத்து வரக்கூடாதே.

கார்னரை கார்ன் + இ ஆர் என்று பிள்ளைகள் உற்சாகமாகப் பிரிப்பார்கள். மூலைக்கும் சோளத்துக்கும் என்ன உறவு என்று கேளுங்கள். பொருள் ஒட்டாவிட்டால் பிரிக்கக்கூடாது. ஐலண்டில் இருக்கும் எஸ், வேறொரு சொல்லோடு உறவு என்று தவறாக நினைத்துப் பிற்காலத்தில் நுழைத்தது. அதை மனப்பாடம் செய்வதுதான் வழி.