ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது? கர்ப்பகாலக் கேள்வி-பதில்

கேள்வி: கடைசி மாதவிடாய்க் கணக்கில் பிரசவத் தேதி டிசம்பர் 6 என்றார்கள். 10ஆவது வார ஸ்கேன் டிசம்பர் 10 என்றது. இப்போது 32ஆவது வார ஸ்கேனில் டிசம்பர் 22 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

டிசம்பர் 6ஐத்தான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணினால் வருவது அந்தத் தேதி. 10ஆவது வாரத்தில் கருவின் தலை முதல் பிட்டம் வரை அளப்பார்கள்; ரிப்போர்ட்டில் 'சிஆர்எல்' என்று போட்டிருக்கும். அந்தப் பருவத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால் அதை வைத்துத் தேதியைச் சரிபார்க்கலாம். 9 வாரம் முதல் 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேனில் வித்தியாசம் 7 நாளைத் தாண்டினால் தேதியை மாற்றுவது பரவலான வழக்கம். உங்களுக்கு 4 நாள்தான். சிலர் முதல் ஸ்கேன் தேதியையே வைத்துக்கொள்வதும் உண்டு, அதிலும் தவறில்லை. ஒருமுறை முடிவு செய்த தேதியைப் பிறகு நகர்த்தக் கூடாது, அவ்வளவுதான்.

32ஆவது வாரத்தில் மெஷின் செய்வது வேறு வேலை. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகியவற்றைச் சராசரிக் குழந்தையின் அளவுகளோடு ஒப்பிட்டு ஒரு தேதியைத் தானாக அச்சடித்துவிடுகிறது. அது குழந்தையின் பருமனைச் சொல்கிறது, வயதை அல்ல. எனவே "தேதி தள்ளிப்போய்விட்டதா?" என்று கேட்காதீர்கள். "வளர்ச்சி குறைவாக இருக்கிறதா? எடை எத்தனையாவது பெர்சென்டைல்? டாப்ளரில் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) தொப்புள்கொடி ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது? அடுத்த ஸ்கேன் எப்போது?" என்று கேளுங்கள். 10ஆவது பெர்சென்டைலுக்குக் கீழே, அதாவது அதே வாரத்துக் குழந்தைகள் 100 பேரை எடை வரிசையில் நிறுத்தினால் கீழிருந்து முதல் 10 பேருக்குள் என்றால், கூடுதல் கண்காணிப்பு தேவை. தேதியைத் தள்ளி எழுதிவிட்டால், பின்தங்கிய குழந்தையும் காகிதத்தில் சரியான வளர்ச்சியோடு இருப்பதாகத் தெரியும். இதில் நடக்கும் மிக ஆபத்தான பிழை அதுதான்.

கேள்வி: முதல் பரிசோதனைக்கு எப்போது போக வேண்டும்? மொத்தம் எத்தனை முறை?

12 வாரம் முடிவதற்குள் முதல் முறை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது குறைந்தது 8 முறை: 12, 20, 26, 30, 34, 36, 38, 40ஆவது வாரங்களில். கடைசி மாதங்களில் இடைவெளி சுருங்குவதற்குக் காரணம் உண்டு. ரத்த அழுத்தம் ஏறுவதும் குழந்தையின் வளர்ச்சி தடைபடுவதும் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று கடைசி மூன்று சந்திப்புகளை விட்டுவிடுபவர்கள் அதிகம்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறைபாடு) வாய்ப்பு '1:180, ஹை ரிஸ்க்' என்று வந்திருக்கிறது. குழந்தைக்குப் பாதிப்பு உறுதியா?

இல்லை. இதே எண் வந்த 180 பெண்களை வரிசையாக நிறுத்தினால் அவர்களில் ஒருவரின் குழந்தைக்கு அந்தப் பாதிப்பு இருக்கும், 179 பேரின் குழந்தைகளுக்கு இருக்காது என்பதுதான் பொருள். அரை சதவீதத்துக்குச் சற்று மேல். 'ஹை ரிஸ்க்' என்பது ஆய்வுக்கூடம் முன்கூட்டியே வைத்திருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டியதற்கான முத்திரை மட்டுமே. அதேபோல் 'லோ ரிஸ்க்' என்றாலும் வாய்ப்பு பூஜ்யம் என்று அர்த்தமில்லை.

அடுத்து ரிப்போர்ட்டின் மேல்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. உங்கள் பிறந்த தேதி, எடை, ரத்தம் எடுத்த அன்று எத்தனை வாரம், எத்தனை குழந்தை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கருத்தரிப்பு சிகிச்சை ஆகிய விவரங்களைக் கொண்டுதான் அந்த எண் கணக்கிடப்படுகிறது. வாரத்தைத் தவறாக எழுதியிருந்தால் விடையும் தவறு. பிழை இருந்தால், திருத்திக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருக்காது.

விவரங்கள் சரி என்றால் இரண்டு வழி. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவை ஆராயும் சோதனையை 10ஆவது வாரத்திலிருந்து செய்யலாம். முந்தையதைவிட மிகத் துல்லியமானது என்றாலும் அதுவும் வடிகட்டும் சோதனைதான். உறுதி செய்ய வேண்டுமானால் 15ஆவது வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வேறு. நிறுத்திவிடலாமா?

கறுப்பு நிறம் உடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பு, பயப்பட வேண்டாம். தாரைப் போல ஒட்டினாலோ, வயிற்று வலியோ தலைசுற்றலோ இருந்தாலோ காட்டுங்கள்.

பலன் கிடைக்காததற்கு மாத்திரையை விட, எடுத்துக்கொள்ளும் நேரமே அதிகம் காரணம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அமிலத்தன்மைக்கான மருந்து எல்லாம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். 2 மணி நேர இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் இரவு படுக்கும் முன் போடலாம்.

மாத்திரை அட்டையையும் ஒருமுறை பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இரும்பு கலந்த வேதி உப்பின் எடை. உடலுக்குக் கிடைக்கும் இரும்பு அதில் ஒரு பகுதிதான். ஃபெரஸ் சல்ஃபேட் 300 மி.கி., ஃபெரஸ் ஃப்யூமரேட் 180 மி.கி., ஃபெரஸ் குளுக்கோனேட் 500 மி.கி. மூன்றிலும் இருப்பது ஒரே 60 மி.கி. இரும்பு. கர்ப்பிணிக்குத் தினசரி அளவு 30 முதல் 60 மி.கி., கூடவே ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம். ரத்தசோகை இருந்தால் மருத்துவர் கூட்டுவார். முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே, நடுவில் 10.5க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு உப்புக்கு மாற்றித் தருவார்கள், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடச் சொல்வார்கள். யாரிடமும் சொல்லாமல் டப்பாவில் சேர்த்து வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: வீட்டில் பிபி பார்த்தால் 136/92. மேல் எண் சரியாக இருக்கிறதே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று எட்டினாலே அதிகம்தான். முதலில் அளந்த விதம் சரியா என்று பாருங்கள்: 5 நிமிடம் உட்கார்ந்திருந்து, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல், கைப்பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

15 நிமிடம் கழித்து மறுபடி அளந்தும் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 160/110ஐ எட்டினாலோ, விடாத தலைவலி, கண்ணில் மின்னுவது, வலது விலா எலும்புக்குக் கீழ் வலி இருந்தாலோ அடுத்த அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: கர்ப்பம் என்று தெரிந்ததும் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானே?

இன்றே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கர்ப்பத்தில் தைராக்சின் (தைராய்டு மாத்திரை) அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும், குறைக்க அல்ல. வலிப்பு மருந்தும் அப்படியே: சில மருந்துகளை மாற்றியாக வேண்டும், ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

கேள்வி: மருத்துவர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நினைவில்லை.

மூன்று கேள்விகளைத் தாளில் எழுதி, அறைக்குள் நுழைந்ததும் நீட்டிவிடுங்கள்; எழும்போது கேட்டால் நேரம் இருக்காது. புறப்படும் முன், "நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்" என்று திருப்பிச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடுவார். மருந்துச் சீட்டில் 'எதற்கு' என்ற ஒரு சொல்லையும் எழுதித் தரக் கேளுங்கள்.

கேள்வி: 34 வாரம். மாலையிலிருந்து அசைவு குறைவு. இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுக் காலை வரை பார்க்கலாமா?

கூடாது. பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்று சொல்வது தவறு. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. சந்தேகமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து 2 மணி நேரம் எண்ணுங்கள். 10 அசைவு வராவிட்டால் உடனே போங்கள். அசைவே இல்லை என்றால் எண்ணவும் வேண்டாம். வீட்டில் இதயத் துடிப்பு கேட்கும் டாப்ளர் கருவியை நம்பியும் காத்திருக்க வேண்டாம்; அதில் கேட்கும் துடிப்பு உங்களுடையதாகவே இருக்கலாம்.

போனில் பேசும்போது இந்த வரிசையில் சொன்னால் அவர்கள் விரைவாக முடிவெடுப்பார்கள்: எத்தனை வாரம், எத்தனையாவது கர்ப்பம், என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, கடைசி பிபி, ரத்த வகை (நெகட்டிவ் என்றால் கட்டாயம்). ரத்தப்போக்கு என்றால் "நிறைய" என்று சொல்லாமல், ஒரு மணி நேரத்தில் எத்தனை நாப்கின் நனைந்தது என்று சொல்லுங்கள்.