பிபிக்காரர்களின் சுகர் சந்தேகங்கள்

முப்பது வருடம் மருந்துக் கடையில் மருந்தாளுநராக நின்றவன் நான், டாக்டர் இல்லை. யாருடைய சீட்டையும் மாற்றச் சொல்ல மாட்டேன். கேளுங்கள்.

கேள்வி: ஐந்து வருடமாக பிபி இருக்கிறது சார். வெறும் வயிற்று சுகர் 108. லேபில் நார்மல் என்கிறார்கள், டாக்டர் கவனம் என்கிறார். எது சரி?

பதில்: இருவரும் சரிதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 110 தொட்டால்தான் எல்லைக்கோடு. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்துக்கு 100 தொட்டாலே எல்லைக்கோடு. 126ஐ இரண்டு முறை தொட்டால் சர்க்கரை நோய். பிபி உள்ளவர் 100ஐயே கணக்கில் வையுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கும். அந்தக் கூடுதல் இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி பிபியையும் ஏற்றும். மூன்று மாத சராசரி (எச்பிஏ1சி) ஒன்று பார்த்துவிடுங்கள். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எல்லைக்கோடு.

கேள்வி: பிபி மாத்திரைதான் சுகரை ஏற்றுகிறது, நிறுத்து என்கிறார் மச்சான். நிறுத்தலாமா அண்ணா?

பதில்: மச்சான் சொல்வதில் கால்வாசி உண்மை. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தைக் குறைக்கும். அது குறைந்தால் இன்சுலின் சுரப்பும் மந்தமாகும். மாத்திரைப் பெயரின் பின்னால் 'எச்' இருந்தால் பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். பிபி மாத்திரைகளை ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆல்ஹாட் என்ற ஆய்வில், நான்கு வருடத்தில் புதிதாக சுகர் வந்தவர்கள் குளோர்தாலிடோன் எடுத்தவர்களில் 11.6 சதவீதம், ஆம்லோடிபினில் 9.8, லிசினோபிரிலில் 8.1. ஆனால் அதே ஆய்வில் மாரடைப்பு மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் பிபி எகிறி பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். சுகர் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய், "வேறு மாத்திரை பார்க்கலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். மச்சானிடம் வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பிபிக்கு மெட்டோபிரோலால், சுகருக்கு கிளிமிபிரைடு. சில நாள் மதியம் வியர்த்துக் கொட்டி கிறுகிறுக்கிறது. பிபி இறங்குகிறதா, சுகரா?

பதில்: இந்த ஜோடி மாத்திரையில்தான் எனக்குப் பயம் அதிகம். கிளிமிபிரைடு சுகரை இறக்கிவிடக் கூடியது. இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மெட்டோபிரோலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. ஆகவே வியர்த்தால் முதலில் குளுக்கோமீட்டர். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். மெஷின் கையில் இல்லையா? சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள், ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். சுகர் சரியாக இருந்து, எழுந்து நிற்கும்போது மட்டும் சுற்றினால் பிபி இறக்கம். எதுவானாலும் அந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போகிறதா என்றும் கவனியுங்கள்.

கேள்வி: இந்துப்புக்கு மாறலாமா?

பதில்: அதுவும் சோடியம்தான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டான், ராமிபிரில் போன்ற பிபி மாத்திரை சாப்பிடுபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம், பொட்டாசியம் உடலில் தேங்கிவிடலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.

கேள்வி: பிபி, சுகர் இரண்டும் இருக்கிறது. வேறென்ன டெஸ்ட்?

பதில்: வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பாருங்கள். கிரியேட்டினினோடு சேர்த்துப் பார்க்கும் கணக்கில் 30ஐத் தாண்டினால் சிறுநீரகம் கசிய ஆரம்பித்திருக்கலாம், திரும்ப ஒருமுறை பார்த்து உறுதி செய்வார்கள். கண்ணையும் காட்டிவிடுங்கள்.